அமாவாசைக்கு ஒரு டிஸ்க்

என் வீட்டுக்காரர் செங்கல்வராயன் வீடியோ கேம் எதையும் முழுதாக ஆடி முடித்ததில்லை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரோடு சேர்ந்து கேம் ஆடுகிற மூன்று பேரைக் கேட்டால், செங்கு முடிக்காத கேமே கிடையாது என்று சத்தியம் செய்வார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பொய் இருந்தது. அதைப் பல வருஷம் கட்டிக் காத்தது நாங்கள் இரண்டு பேர். அவர் பொய் சொன்னார், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த அகல்யா வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றால் கள்ளிக்குப்பத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், அது வேறு கதை.

எனக்கு எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போகத் தெரியாது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள் நான். கூடையில் இருக்கும் சாமானைப் பார்த்தே அவர்கள் வீட்டில் இன்று விருந்தா, வயிற்று வலியா என்று மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் என் வீட்டு ஹாலிலேயே ஒரு ஆள் தினமும் சாயங்காலம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, வாளும் கேடயமும் ஏந்திய ஒருவனை மலைமேல் ஏற்றிக்கொண்டிருந்தால் விடுவேனா? யார் அவன், எதற்கு ஏறுகிறான், கீழே விழுந்தால் ஏன் மறுபடி முதலிலிருந்து வருகிறான் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காணாமல் போன ஆற்றைத் தேடிப் போகிறானாம். எனக்குக் கதை பிடித்துப்போயிற்று. ரிமோட்டை நான் தொட்டதில்லை. அவர்கள் அதைக் கன்ட்ரோலர் என்பார்கள், எனக்கு அது ரிமோட்தான்.

இவர் அயனம்பாக்கத்து ஆள். இவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நிலமெல்லாம் பிளாட் ஆனபோது இவர் ஐடிஐ முடித்து எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். அங்கே பவர் பிரஸ் மெஷினுக்கு இரண்டு பேர். ஒருவர் தகட்டை அச்சுக்கு நடுவில் வைத்துவிட்டுக் கையை வெளியே எடுத்து, 'போடு' என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்ட பிறகு அடுத்தவர் பெடலை மிதிப்பார். மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை அழுத்தும். தகடு வைப்பது இவர், பெடல் மிதிப்பது அசோக் அண்ணன். இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். எங்கள் கல்யாணத்தில் பந்தி முழுக்க ஓடி ஓடிப் பரிமாறியது அசோக் அண்ணன்தான்.

எங்கள் தலை தீபாவளி முடிந்த கையோடு அது நடந்தது. காலையிலிருந்து ஒரே தாளத்தில் வேலை போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒரு தடவை, 'போடு' வருவதற்கு முன்னால் அசோக் அண்ணன் மிதித்துவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. இவருடைய இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆபீசில் விசாரித்தபோது இவர், என் கவனக் குறைவு, நான்தான் குரல் கொடுத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்டபோது எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அடுத்தவர் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற மனுஷனை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று அம்மாவிடம் போனில் அழுதேன்.

அசோக் அண்ணன் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் வாசலோடு நின்றுவிடுவார். கையை மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டதும், ஒரு நாள் தன் வீட்டிலிருந்த கேம் மெஷினையும் ஒரு டிஸ்கையும் கட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ஆடிக்கொண்டே இருந்தால் கை தானாகப் பழகிவிடும் என்றார். அந்த ஆற்றைத் தேடிப் போகிறவன் எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

ஆனால் அந்த ரிமோட் பத்து விரல் இருக்கிறவனுக்காகச் செய்தது. வாள் வீசுவது வலது கை, அதில் இவருக்குக் கஷ்டமில்லை. இடது பக்கம் கட்டைவிரலால் ஆளை நடத்திக்கொண்டே, ரிமோட்டின் மேல் விளிம்பில் இருக்கிற பட்டனை ஆள்காட்டி விரலால் அழுத்தினால்தான் கேடயம் உயரும். இவர் மோதிர விரலை வைத்துப் பார்த்தார், பிடி நழுவியது. தொடையில் வைத்து முழங்கையால் அழுத்திப் பார்த்தார். வழியில் ஒரு பாலம் வரும். பாலத்தின் மேல் ஒரு கல் எருமை நிற்கும். ஓடிக்கொண்டே கேடயம் பிடிக்காமல் அதைத் தாண்ட முடியாது. எருமை முட்டும், இவன் கீழே விழுவான், முதலிலிருந்து வருவான். நான் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே பாலம்தான்.

ஒரு மாதம் போனதும் அசோக் அண்ணன் வாசலில் வந்து நின்று, "முடிச்சிட்டியாடா?" என்று கேட்டார். அவர் கண் குழிந்து போயிருந்தது. இவர் அந்த முகத்தைப் பார்த்தார். "முடிச்சிட்டேன் மச்சான், கை நல்லா மடங்குது" என்றார். அன்றைக்குத்தான் அசோக் அண்ணன் எங்கள் வீட்டுக்குள் வந்தார். நான் போட்ட சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மெஷினை இவருக்கே விட்டுவிட்டு, டிஸ்கை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார், அப்புறம் தனக்கு வேறு மெஷின் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அது வளர்ந்துவிட்டது. கம்பெனி வேன் ஓட்டுகிற ஜேம்ஸ் சேர்ந்தார், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற கார்த்திகேசன் சேர்ந்தான். நாலு பேரும் சேர்ந்து ஒரு டிஸ்க் வாங்கி, சீட்டுப் பிடிப்பது போலக் குலுக்கிப் போட்டு, யார் பெயர் வருகிறதோ அவர் முதலில் ஆடுவது என்று வைத்துக்கொண்டார்கள். எஸ்டேட்டில் கம்பெனிக்குக் கம்பெனி அமாவாசையன்று பூஜை போட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள், அதனால் அந்த நாளை யாரும் மறக்க முடியாது. அமாவாசைக்கு அமாவாசை டிஸ்க் கை மாறும். கடைசி ஆள் ஆடி முடிக்கும்வரை கேமின் முடிவைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. முடித்ததும் டீக்கடையில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள்.

அந்தப் பேச்சுக்காக இவர் முந்தின நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து யூடியூபில் முடிவைப் பார்த்துவிடுவார். நானும் பார்ப்பேன். டீக்கடையில் இவர் சொல்கிற அழகைக் கேட்டால் இவரே மலை உச்சியில் நின்றுவிட்டு வந்தது போலிருக்கும். கம்பெனிக்குப் புதிதாக யார் வந்தாலும் அசோக் அண்ணன் இவரைக் காட்டி, ரெண்டு விரல் இல்லாமல் எல்லா கேமையும் முடித்தவன் என்று சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்த்தால், அந்தப் பொய் ஒரு மருந்து என்றே எனக்குத் தோன்றும். இவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படியே போயிருக்கும். ஆற்றைத் தேடிப் போகிறவனின் மூன்றாம் பாகம் வந்தது.

இரண்டாம் பாகம் முடிந்த இடத்தில் ஆற்றின் சத்தம் மட்டும் கேட்கும், ஆறு தெரியாது. அப்போதிலிருந்து நாலு பேரும் காத்துக்கிடந்தார்கள், நானும்தான். ஜேம்ஸ் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பெட்டியை வாங்கி வந்தார். அமாவாசையன்று டீக்கடை பெஞ்சில் வைத்துப் பிரிப்பதாக ஏற்பாடு. என் பில்லிங் கவுன்டரிலிருந்து டீக்கடை நேராகத் தெரியும். நாலு தலையும் பெட்டிமேல் குனிந்து, அப்புறம் நிமிராமலே நின்றதைப் பார்த்தேன். பக்கத்துக் கவுன்டர் பெண்ணிடம் சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனேன்.

பெட்டிக்குள் டிஸ்க் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டு, அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி.

"இன்னா மாமே இது, பொட்டி கீது, உள்ள சரக்கு இல்ல" என்றார் அசோக் அண்ணன். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஜேம்ஸ் வேனை எடுக்கக் கிளம்பிவிட்டார். கார்த்திகேசன்தான் நிறுத்தினான். ஏமாற்றெல்லாம் இல்லை, இப்போது இப்படித்தான் வருகிறது, இந்த வரியை மெஷினில் போட்டால் கேம் நெட்டிலிருந்து இறங்கும், யார் மெஷினில் போடுகிறோமோ அதில் மட்டும்தான் ஓடும் என்று விளக்கினான். நெட்டில் இதைப் பற்றி ஊர்ப்பட்ட சண்டை நடக்கிறதாம். படித்திருக்கிறான், ஆனால் அதெல்லாம் வெளிநாட்டுக்காரர் பிரச்சினை என்று நினைத்து விட்டுவிட்டானாம்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். "அப்போ வாங்கினது நம்மளுது இல்லியா தம்பி?" என்று கேட்டேன்.

"ஆடலாம்க்கா. குடுக்கத்தான் முடியாது. வாடக ஊடு மாதிரி வச்சுக்கோங்க."

வாடகை வீட்டைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறான். ஹவுஸ் ஓனர் விருந்தாளியைக்கூட எண்ணுகிற வீட்டில் குடியிருக்கிறவள் நான். ஆனால் சொன்னது சட்டென்று புரிந்துவிட்டது. ஜேம்ஸ், நான் ஒரு சட்டை வாங்கினால் தம்பிக்குக் கொடுப்பேன், இதை ஏன் கொடுக்கக் கூடாது என்று கத்தினார். கார்த்திகேசன் விடவில்லை. டிஸ்க் மட்டும் ஒழுங்கா, போன தடவை உங்கள் கையிலிருந்து வந்ததில் குழம்புக் கறை இருந்ததே, இதில் கீறல் விழுமா, காத்திருக்க வேண்டுமா என்று கேட்டான். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நாளைக்கு அந்தக் கம்பெனி கடையை மூடினால் கேமும் போய்விடுமா என்று அசோக் அண்ணன் கேட்டதும் அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பெட்டியின் பின்பக்கம் இன்னொரு வெடி இருந்தது. இந்தப் பாகத்துக்குப் பழைய ரிமோட் ஆகாதாம். கைக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடி. எழுந்து நின்று வலது கையை வீசினால் வாள் வீசும், இடது கையைத் தூக்கினால் கேடயம் உயரும். அந்தக் கைப்பிடி ஜோடி கார்த்திகேசனிடம் இருந்தது. குழந்தைகள் பந்து விளையாடுகிற சமாசாரம் என்று அட்டைப் பெட்டியோடு பரண்மேல் போட்டுவைத்திருந்தான். ஷிப்டு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தும் நின்றுகொண்டு கையை ஆட்ட வேண்டுமா, இதற்கு மெஷினுக்கே போய்விடலாம் என்றார் அசோக் அண்ணன். மூன்று பேரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

நான் இவருடைய இடது கையைப் பார்த்தேன். அதை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். டிஸ்க் ஊர் சுற்ற முடியாது என்றால் ஆட்கள் சுற்றட்டும். குலுக்கிப் போட்டு யார் பெயர் வருகிறதோ அவர் மெஷினில் சீட்டைப் போடுவது, ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாரும் அவர் வீட்டில் கூடி மாற்றி மாற்றி ஆடுவது. டீ டம்ளரில் நாலு பெயரைப் போட்டுக் குலுக்கினார்கள். ஜேம்ஸ் எடுத்தார். செங்கல்வராயன் என்று வந்தது.

அசோக் அண்ணன் இவர் தோளில் கை போட்டு, ரெண்டு கையையும் ஆட்ட வேண்டியதாக இருக்கிறதே, உனக்குச் சிரமம், வேண்டுமானால் மறுபடி குலுக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். பாசத்தில் சொன்னதுதான். இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "எம்பேருதானே வந்துது. எங்கூட்லதான்" என்று சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்த வீறாப்பு எங்கே போனதோ தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு விஷயம் தெரிந்ததுதான். டிஸ்க் என்றால் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு தோற்கலாம். எத்தனை தடவை விழுந்தாலும் பார்க்கிறது நான் ஒருத்திதான். இனிமேல் ஹாலில் எல்லாருக்கும் முன்னால் நின்று தோற்க வேண்டும். பாலத்தைக்கூடத் தாண்டத் தெரியாதவன் எப்படி இரண்டு பாகத்தை முடித்தான் என்று கேட்பார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுங்கள், வெட்கம் ஒரு நாளோடு போய்விடும் என்றேன். ஆம்பளை வெட்கம் அடுப்பில் வைத்தாலும் வேகாது என்று கொஞ்சம் கிண்டலும் செய்தேன். இவர் சிரிக்கவில்லை.

"எனக்கு வெக்கம் இல்ல அகல்யா. தன்னாலதான் எங்கை சரியாச்சுன்னு அசோக் நெனச்சிகினு கீறான். அது பொய்ன்னு தெரிஞ்சா அவன் மறுபடி அந்தப் பெடல் மேலயே போய் நிப்பான்."

கிண்டல் செய்ததற்கு என்மேலேயே கோபம் வந்தது. ஊருக்குப் போய்விட்டோம் என்று சொல்லிவிடலாமா, காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தோம். ஞாயிறு ஒன்று போனால் அடுத்த ஞாயிறு வரும். சனிக்கிழமை சாயங்காலம் நான் சீட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசிக்க, இவர் மெஷினில் போட்டார். கேம் இறங்கி முடிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தேன்.

ஞாயிறு காலையிலேயே வந்துவிட்டார்கள். சோபாவைச் சுவரோடு தள்ளினோம். கார்த்திகேசன் கைப்பிடிகளைத் தூசி தட்டி எடுத்தான். ஒவ்வொன்றும் சப்பாத்திக் கட்டை கைப்பிடி அளவுதான் இருந்தது. முதலில் ஜேம்ஸ். வாளை வீசுகிறேன் என்று காலண்டரைக் கிழித்தார். அடுத்து கார்த்திகேசன், கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கினான். நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்த அசோக் அண்ணன் சோபாவில் உட்கார்ந்தபடி ஆடிப் பார்த்தார். கேம் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. எழுந்து நின்றார், வேர்த்துக் கொட்டியது. இதெல்லாம் ஒரு கேமா என்று திட்டிக்கொண்டே இருந்தார், ஆனால் கைப்பிடியை அடுத்தவருக்குத் தரவில்லை. எனக்கு அதுதான் வேடிக்கையாக இருந்தது. டீக்கடையில் அத்தனை வக்கணை பேசிய மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் போலச் சண்டை போட்டார்கள்.

இவர் அதற்குள் இரண்டு தடவை டீ போட்டார். என்னைச் சமையலறைக்குள் விடவே இல்லை. சோடா வாங்கி வருகிறேன் என்று வெளியே போய், வரவே மனசில்லாமல் வந்தார்.

"செங்கு, நீ வாடா. சாம்பியன் ஆடட்டும்" என்றார் அசோக் அண்ணன்.

இவர் வந்து நின்றார். பெருவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றாலும் இடது கைப்பிடியைப் பிடித்தார். திரையில் பாலம் வந்தது. முதல் பாகத்தில் நின்ற அதே கல் எருமை அதன்மேல் நின்றது. டீ டம்ளரைக் கீழே போட்டு ஏதாவது களேபரம் செய்யலாமா என்றுகூட நினைத்தேன். எருமை தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தது. இவர் இடது கையைத் தூக்கினார்.

கேடயம் உயர்ந்தது. எந்தப் பட்டனும் இல்லை, கையைத் தூக்கினார், அவ்வளவுதான். எருமை மோதிப் பின்வாங்கியது. இவர் தன் கையைத் திரும்பிப் பார்த்தார். எருமை மறுபடி வந்தது, மறுபடி தூக்கினார். அப்புறம் வலது கையை வீசினார். எருமை பொலபொலவென்று கல்லாக உதிர்ந்து பாலத்தில் விழுந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொந்தக் கையால் இவர் பார்த்தது அன்றைக்குத்தான். இவர் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அசோக் அண்ணன் சிரித்துக்கொண்டே, "இன்னாடா, மொத தடவ ஜெயிச்ச மாதிரி அழுவுற?" என்றார்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு அப்போது தெம்பு இல்லை.

"மொத தடவதான் மச்சான்."

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. பாலம், மோதிர விரல், யூடியூப். ஜேம்ஸ் வாயைப் பிளந்தார். கார்த்திகேசன் தரையில் கிடந்த கைப்பிடியை எடுத்து எடுத்து வைத்தான். அசோக் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எந்தக் கேமை முடிக்கவில்லை என்று. எதையுமே இல்லை என்றார் இவர். அசோக் அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஷாப்பில் வேலை விஷயம் மட்டும் பேசினாராம். ஜேம்ஸும் கார்த்திகேசனும் வந்தார்கள், ஆடினார்கள். இவர் நன்றாகவே ஆடினார், அந்தக் கைப்பிடி இவருக்கென்று செய்தது போலிருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை ஜெயித்ததும் வாசலைப் பார்ப்பார். அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் டீக்கடையில் அசோக் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் கவுன்டரை விட்டு எழுந்து போனேன். நல்லதுக்குத்தானே பொய் சொன்னார், அதற்கு இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படி என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோவமில்ல தங்கச்சி. கை போனவன் அவன். இத்தினி வருசமா அவன் எனக்கு ஆறுதல் சொல்லிகினு இருந்துகீறான். நான் எந்த மூஞ்சிய வச்சுகினு உங்கூட்டுக்கு வருவேன்?"

அந்த மூஞ்சியே போதும், வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அமாவாசை வந்தது. எஸ்டேட்டில் பூசணிக்காய் உடைத்துவிட்டுச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். இவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டியது அசோக் அண்ணன். கையில் அதே கட்டைப் பை. உள்ளேயிருந்து அந்த முதல் டிஸ்கை எடுத்தார். ஆடி முடித்த டிஸ்கையெல்லாம் கடையில் கொடுத்து வேறு மாற்றிக்கொள்வார்கள், இந்த ஒன்றை மட்டும் அவர் கொடுக்கவே இல்லையாம். செங்கு கையைச் சரியாக்கிய டிஸ்க் என்று துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்திருக்கிறார்.

புதுசுதான் வந்துவிட்டதே, இவரும் நன்றாக ஆடுகிறாரே, இந்தப் பழசு எதற்கு என்று நான் கேட்டேன். இவன் இதை முடிக்கவில்லையே என்றார் அசோக் அண்ணன். மெஷினில் டிஸ்கைச் செருகினார், அது இரண்டு தடவை முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. பழைய ரிமோட்டை எடுத்து இவர் கையில் கொடுத்தார். இவருக்கு இடது பக்கத்தில் தரையில் ஒட்டி உட்கார்ந்தார். தன் ஆள்காட்டி விரலை ரிமோட்டின் மேல் விளிம்பில், இவருக்கு விரல் இல்லாத இடத்தில், அந்தப் பட்டன்மேல் வைத்தார்.

"நீ நட, வெட்டு. இத நான் பாத்துக்கறேன்."

இரண்டு ஆம்பளைகள் ஒரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் பின்னால் சோபாவில் உட்கார்ந்தேன். பாலம் வந்தது. எருமை ஓடி வந்து முட்டியது. இவர் விழுந்தார். மறுபடி போனார்கள், மறுபடி விழுந்தார்கள். ஒரு தடவைகூடக் கேடயம் உயரவில்லை. கண்ணெதிரே எருமை வருகிறது, அசோக் அண்ணனின் விரல் பட்டன்மேல்தான் இருக்கிறது, ஆனால் அழுத்தவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "அமுக்குங்கண்ணா, வருதில்ல" என்று கத்தினேன்.

அசோக் அண்ணன் திரும்பவில்லை. "அவன் சொல்லட்டும் தங்கச்சி" என்றார்.

இவர் அவரைப் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். மறுபடி பாலம் வந்தது. கல் எருமை தலையைக் குனிந்தது, ஓடி வந்தது, பக்கத்தில் வந்துவிட்டது. அசோக் அண்ணனின் விரல் அசையாமல் காத்திருந்தது.

"போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகுதான் அசோக் அண்ணன் அழுத்தினார்.